லைனிங் தேய்ந்தது எனக்குத் தெரியும்

அந்த யெஸ்டி பைக்கின் எஞ்சின் ஜாம் ஆகவில்லை. ஜாம் ஆகிவிட்டது என்று நான் சொன்னேன். சொல்லும்போதே அது பொய் என்று எனக்குத் தெரியும்.

நான் மிளகு வியாபாரி. சோளக்காட்டில் குடோன் வைத்திருக்கிறேன். கொல்லிமலையில் சில்வர் ஓக் மரங்களில் ஏறிக் காய்க்கும் மிளகை இங்குள்ள மக்களிடம் வாங்கிக் கீழே அனுப்புவது என் பிழைப்பு. சரக்கைக் கையில் அள்ளுவேன். உதட்டைப் பிதுக்குவேன். "ஈரம் இருக்குதுங்களே" என்பேன். நல்ல சரக்கு என்று மனதுக்குள் முடிவு செய்த பிறகுதான் குறை சொல்லத் தொடங்குவேன். பல வருஷமாக இதை வியாபாரத் திறமை என்று நினைத்திருந்தேன். வண்டியை வாங்கப் போனபோதும் அதே உதட்டைத்தான் பிதுக்கினேன்.

வண்டி ஒரு அக்காவுடையது. அவர் வீட்டுக்காரர் ஓட்டியது. அவர் இறந்த பிறகு மாட்டுக் கொட்டகையின் ஓரத்தில் சாக்குப் போட்டு மூடி நிறுத்தியிருந்தார்கள். எழுபதுகளின் பிற்பகுதியில் வந்த வண்டி. மைசூரில் ஐடியல் ஜாவா ஆலை 1961இல் ஜாவா வண்டிகளைச் செய்யத் தொடங்கியது, பிறகு அதே ஆலை யெஸ்டி என்ற பெயரில் செய்தது, 1996இல் மூடப்பட்டது. 250 சிசி, டூ ஸ்ட்ரோக், இரண்டு பக்கமும் சைலன்சர். கிக்கரும் கியர் லீவரும் ஒன்றே. உள்ளே தள்ளித் திருப்பினால் கிக்கர், மடக்கி இறக்கினால் கியர். கல்லூரிக் காலத்தில் எங்கள் தெருவில் ஒருவர் வைத்திருந்தார். அந்த இரட்டைச் சைலன்சர் சத்தத்துக்காகவே வாசலில் நின்றிருக்கிறேன். அன்றிலிருந்து மனதில் இருந்த ஆசை.

அக்கா முப்பதாயிரம் கேட்டார். பையனின் படிப்புச் செலவுக்கு என்றார்.

டீ போட அவர் உள்ளே போனார். நான் பிளக்கைக் கழற்றினேன். மேல் கியரில் போட்டேன். பின் சக்கரத்தைக் கையால் உருட்டினேன். பிளக் துளையிலிருந்து புஸ்ஸென்று காற்று வந்தது. பிஸ்டன் அசைகிறது. துளையில் கட்டைவிரலை வைத்து மறுபடி உருட்டினேன். விரலைத் தள்ளியது. கம்ப்ரஷனும் இருக்கிறது. உள்ளுக்குள் துள்ளினேன். பிளக்கைத் திரும்ப மாட்டினேன். அவர் டீயோடு வந்ததும் கிக்கரை மிதித்துக் காட்டினேன். கிக்கர் அசையவில்லை. அதன் தண்டு துருப்பிடித்திருந்தது, அவ்வளவுதான். அதற்கும் எஞ்சினுக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

"எஞ்சின் ஜாம் ஆயிருச்சுங்க்கா. போர் போடணும், பிஸ்டன் மாத்தணும். சாமானே இப்ப வர்றதில்ல. இரும்பு விலைதான்."

ஒன்பதாயிரத்துக்குப் பேசி முடித்தேன். அக்கா கொஞ்ச நேரம் டேங்கில் கை வைத்தபடி நின்றார். பிறகு ஆர்.சி. புத்தகத்தை எடுத்து வந்து கொடுத்தார். அதில் சேலம் மாவட்டம் என்று இருந்தது. நாமக்கல் தனி மாவட்டமானது 1997இல்தான். பெயர் அவர் வீட்டுக்காரர் பெயர். "பேரை மாத்திக்குவீங்கல்ல?" என்றார். மாற்றிக்கொள்வேன் என்றேன்.

மாற்றவில்லை. உரிமையாளர் இறந்திருந்தால் முதலில் வாரிசு பெயருக்குப் படிவம் 31, பிறகு வாங்குபவர் பெயருக்குப் படிவம் 29, 30. பதிவு பதினைந்து வருஷத்துக்குச் செல்லும். அதன் பிறகு ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். இந்த வண்டிக்குப் புதுப்பிப்பு எப்போதோ நின்றுபோயிருந்தது. இன்சூரன்ஸும் இல்லை. எல்லாம் எனக்குத் தெரியும். வண்டி ஓடட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று ஆர்.சி.யை மேஜை இழுப்பறையில் போட்டேன்.

சோளக்காட்டில் ஒரு மெக்கானிக் இருந்தார். இந்த மலையில் பிறந்தவர். சேலத்தில் வேலை கற்றுக்கொண்டு ஊருக்குத் திரும்பிக் கடை போட்டவர். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். வண்டியை அவரிடம் தள்ளிக்கொண்டு போனேன்.

என்ன பழுது என்று சொன்னது பெரும்பாலும் நான்தான். அதில் எனக்கு அடங்காத பெருமை. துருப்பிடித்த கிக்கர் தண்டை விடுவித்தோம். டேங்கில் பழைய பெட்ரோல் பிசினாக ஒட்டியிருந்தது, கழுவினோம். கார்புரேட்டர் ஜெட்டுகள் அடைத்திருந்தன. பாயிண்ட் கறுத்திருந்தது, தேய்த்து, இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்துச் சரிசெய்தோம். அப்படியும் ஸ்பார்க் பலவீனமாக, மஞ்சளாக வந்தது. "கண்டென்சர் போயிருக்கு" என்றேன். மாற்றியதும் நீலமாக அடித்தது. ஸ்டார்ட் ஆனது. ஆனதும் வெள்ளைப் புகை கொட்டியது; நிற்கவே இல்லை. கியர் பாக்ஸ் ஆயில் குறைந்துகொண்டே வந்தது. கிராங்க் ஆயில் சீல் போய்விட்டது, அந்த வழியாகக் கியர் ஆயிலை எஞ்சின் இழுத்து எரிக்கிறது என்று நான் சொன்னேன். பிரித்துப் பார்த்தார். சீல் கல்லாக இறுகிக் கிடந்தது. சென்னை புதுப்பேட்டையில் ஆள் வைத்து சீல் வரவழைத்தேன்.

கையில் கிரீஸ் பட்டது அவருக்கு. நாலு பேரிடம் சொல்லிக்கொண்டது நான். "காதாலயே கண்டுபிடிச்சிட்டேன்" என்பேன். அவர் பக்கத்தில் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டு நிற்பார்.

அந்தக் காதைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது எஞ்சினை மட்டும்தான் கேட்டது. சத்தம் போடாத எதையும் நான் கவனிக்கவில்லை.

நான் சொல்லாமலேயே அவர் இரண்டு சக்கரத்தையும் கழற்றினார். பின் பிரேக் ஷூவை என் உள்ளங்கையில் வைத்தார். இன்றும் அந்த எடை எனக்கு நினைவிருக்கிறது. ஒரு ஷூவில் லைனிங் தேய்ந்து ஓரத்தில் தகடு தெரிந்தது. இன்னொன்றில் மேல்பரப்பு கண்ணாடியாய் மின்னியது. சக்கரத்து பேரிங் சீல் வழியாகக் கிரீஸ் கசிந்து டிரம்மில் பட்டிருந்தது. பிறகு முன் பிரேக் கேபிளைக் காட்டினார். லீவர் பக்கம், குமிழுக்குக் கீழே, கம்பி இழைகள் பிரிந்திருந்தன. பாதிக்கு மேல் அறுந்திருந்தது.

"லைனிங் ஒட்டணுங்கண்ணா. நாமக்கல்ல லாரி ஷூவுக்கு ஒட்டற எடத்துலயே ஒட்டித் தருவாங்க. கேபிளும் செஞ்சு வாங்கிட்டு வந்தர்றேன். ரெண்டு நாள் குடுங்க."

மறுநாள் செம்மேட்டில் வல்வில் ஓரி விழா தொடங்குகிறது. ஆடி மாதத்தில் அரசு நடத்தும் விழா. மலை முழுக்க அங்கே திரளும், கீழிருந்தும் வருவார்கள். அந்தக் கூட்டத்துக்குள் யெஸ்டியில் போய் இறங்க வேண்டும் என்பது என் எண்ணம். அதற்காகத்தான் டேங்குக்குப் பெயிண்ட் அடித்தேன், சைலன்சருக்கு முலாம் பூசினேன். அதற்குச் செலவான பணத்தில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் லைனிங்கும் கேபிளும் முடிந்திருக்கும்.

"விழா முடியட்டும். அப்படியே மாட்டு" என்றேன்.

அவர் தயங்கினார். எமரி பேப்பரை எடுத்து அந்த மினுமினுப்பைத் தேய்த்தார். டிரம்மைப் பெட்ரோலில் துடைத்தார். மாட்டினார். சாவியைக் கொடுக்கும்போது சொன்னார்: "இது மேல சுத்தறதுக்கு மட்டும். கீழ எறக்காதீங்கண்ணா."

இதில் எனக்குப் புரியாத சொல் ஒன்றுமில்லை. கேட்டேன். தலையாட்டினேன்.

செம்மேட்டில் நான் நினைத்ததெல்லாம் நடந்தது. கூட்டம் வழிவிட்டது. வயதானவர்கள் டேங்கைத் தடவினார்கள். படம் எடுத்தார்கள். எந்த வருஷத்து வண்டி என்று கேட்டவர்களிடம் "விண்டேஜ்" என்றேன். ஐம்பது வருஷம் தாண்டி, மாற்றம் செய்யாத வண்டிக்குத்தான் அந்தத் தகுதி என்று 2021இல் மத்திய அரசு விதி செய்திருக்கிறது. என் வண்டிக்கு அந்த வயது இல்லை. அதுவும் தெரிந்துதான் சொன்னேன்.

விழா முடிந்த மறுநாள் அக்காவின் மகன் குடோனுக்கு வந்தான். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். சின்ன வயதில் அப்பாவுக்கு முன்னால், டேங்க் மேல் உட்கார்ந்து போயிருக்கிறானாம். சைலன்சரில் ஒரு நசுங்கலைத் தேடினான். நான் அதைத் தட்டி எடுத்திருந்தேன். அவன் போலீஸ் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தான். காலையில் செம்மேடு ரோட்டில் அவன் ஓடுவதை நானே பார்த்திருக்கிறேன். உடல்தகுதித் தேர்வில் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடி முடிக்க வேண்டும். அவன் அதற்கும் குறைவாக ஓடிக்கொண்டிருந்தான்.

அன்று அவன் நாமக்கல் போக வேண்டும். பஸ்ஸுக்கு நேரம் இருந்தது.

"மாமா, காரவள்ளி வரைக்கும் இதுல கூட்டிட்டுப் போறீங்களா? கீழ பஸ் புடிச்சுக்கறேன்."

இங்கேதான் நான் நிற்க வேண்டும். நடந்ததை விபத்து என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்தச் சொல் எனக்கு வசதியாக இருந்தது. ஆனால் விபத்துக்கு முன் ஒரு கேள்வி என்னிடம் கேட்கப்பட்டது. பதில் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. "பிரேக் சரியில்ல தம்பி, ஒட்டி வரட்டும்" என்று சொன்னால் போதும். சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நேற்று ஊரே வியந்த வண்டியில் குறை இருக்கிறது என்று ஆகியிருக்கும். அவ்வளவுதான். அந்த ஒன்றை என்னால் சொல்ல முடியவில்லை. அக்காவுக்கு நான் செய்த வஞ்சனையும் உள்ளே உறுத்திக்கொண்டிருந்தது. பையனை அப்பா வண்டியில் ஒரு சுற்று கூட்டிப் போனால் அந்தக் கணக்கு கொஞ்சம் குறையும் என்று நினைத்தேன்.

"ஏறு" என்றேன்.

காரவள்ளிக்கும் சோளக்காட்டுக்கும் இடையே 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை உண்டு. இறங்கும்போது ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரத்தை விடுகிறோம். வண்டியும் இரண்டு பேரும் சேர்ந்து 270 கிலோ இருப்போம். அந்த எடை அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் ஏழெட்டு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கும். காற்றும் எஞ்சினும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மீதிச் சூடெல்லாம் இரண்டு பிரேக் டிரம்முக்குள் போகும்.

எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரில் இறங்கு என்பது மலை ஏறும் லாரிக்காரர்கள் எல்லோருக்கும் பாடம். நாமக்கல் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். நான் அதைச் செய்யவில்லை. காரணம் இருக்கிறது. டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்குத் தனியாக ஆயில் இல்லை. பெட்ரோலோடு கலந்த ஆயில்தான் பிஸ்டனையும் கிராங்கையும் நனைக்கிறது. ஆக்சிலேட்டரை மூடிக்கொண்டு கியரிலேயே நீண்ட இறக்கம் இறங்கினால் எஞ்சின் வேகமாகச் சுற்றும். ஆயிலோ சொட்டாகத்தான் போகும். பிஸ்டன் பிடித்துக்கொள்ளலாம். இதற்கு வழி இருக்கிறது. சின்னக் கியரில் மெதுவாக இறங்க வேண்டும். அவ்வப்போது ஆக்சிலேட்டரைத் திருகி விட வேண்டும். நாலு வளைவுக்கு ஒருமுறை நிறுத்தி ஆறவிட வேண்டும். நான் நியூட்ரலில் போட்டு இறக்கினேன். எஞ்சின் கெடக் கூடாது என்று.

இதை இன்னொரு முறை எழுதுகிறேன். எஞ்சினைக் காப்பாற்றுவதற்காக, முழு எடையையும் கெட்டுப்போன பிரேக் மேல் போட்டேன். அது கெட்டுப்போனது என்று தெரிந்தே போட்டேன். பின்னால் ஒருவர் மகன் உட்கார்ந்திருந்தான்.

பத்துப் பதினைந்து வளைவு தாண்டியதும் பின் பிரேக் மிதி ஆழமாகப் போகத் தொடங்கியது. டிரம் சூட்டில் விரிந்து ஷூவை விட்டு விலகும். லைனிங்கும் பிடியை இழக்கும். வாசனை வந்தது.

"மாமா, ஏதோ தீயற மாதிரி வாசம் வருது."

"சைலன்சருக்குப் புதுசா பூசியிருக்கில்ல, அதுதான்."

அவன் நம்பினான். நிறுத்த இடம் இருந்தது. வளைவில் அகலமான மேடை, தடுப்புச் சுவர், மரநிழல் எல்லாம் இருந்தன. ஒரு ஜீப் பின்னாலேயே வந்தது. அதில் இருந்தவர்கள் எனக்குத் தெரிந்தவர்கள். விழாவில் வண்டியைப் பார்த்தவர்கள். அவர்கள் முன்னால் ஓரங்கட்ட மனம் வரவில்லை. அந்த நேரத்தில் எனக்குள் ஓடியது இதுதான். பயம் இருந்தது. வெட்கம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

நாற்பதுகளில் இருக்கும் ஒரு வளைவு. மிதியை மிதித்தேன், ஒன்றும் இல்லை. முன் பிரேக் லீவரை இறுக்கிப் பிடித்தேன். கேபிள் அறுந்தது. லீவர் கைப்பிடியோடு ஒட்டிக்கொண்டது. கியர் போட முயன்றேன், விழவில்லை. வலப்பக்கம் பள்ளம். இடப்பக்கம் மலையை வெட்டிய பாறை. இடப்பக்கம் சாய்த்தேன். முப்பது கிலோமீட்டர் வேகம்கூட இருக்காது. நான் முன்னால் போய் விழுந்தேன். முழங்கையில் தோல் போனது. அவன் இடது கால் வண்டிக்கும் பாறைக்கும் நடுவில் சிக்கியது.

அவன் கத்தவில்லை. "மாமா, காலை எடுங்க" என்றான். வண்டி அணையவில்லை. நியூட்ரலில் ஓடிக்கொண்டே இருந்தது. சீராக ஓடியது. அதை அணைக்க வேண்டும் என்றுகூடத் தோன்றாமல் நின்றேன். ஜீப்பிலிருந்து இறங்கிய ஒருவர்தான் சாவியைத் திருப்பினார்.

முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்திருந்தன. ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது. நடக்கிறான். ஆனால் அந்தக் கால் கொஞ்சம் கட்டையாகிவிட்டது. ஓட முடியாது. போலீஸ் தேர்வுக்கு அவன் அதன் பிறகு விண்ணப்பிக்கவில்லை. இப்போது செல்போன் கடை ஒன்றில் நிற்கிறான். நாள் முழுக்க நின்றால் சாயங்காலம் வீங்குகிறது என்று அவன் அம்மா சொன்னார். அவன் என்னிடம் சொன்னதில்லை.

மருத்துவமனை வராந்தாவில் அக்கா என்னிடம் கேட்டார்: "எப்படிங்க ஆச்சு?"

நான் யோசிக்கவில்லை. பதில் தயாராக இருந்தது. "வண்டிய மெக்கானிக்கிட்டத்தான் குடுத்திருந்தேங்க்கா. பிரேக் எல்லாம் அவன்தான் பாத்தான். என்ன செஞ்சு வெச்சானோ."

பொய் என்று பிடிக்க முடியாத வாக்கியம் அது. வண்டியை அவரிடம் கொடுத்தது உண்மை. பிரேக்கில் அவர் கை வைத்தது உண்மை. 'என்ன செஞ்சு வெச்சானோ' என்பது வெறும் புலம்பல். அதனால்தான் அது அவ்வளவு நன்றாக வேலை செய்தது. பக்கத்தில் நின்றவர்கள் கேட்டார்கள். அன்று மாலைக்குள் சோளக்காட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. சந்தை நாளில் மலை முழுக்கப் போனது.

எழுபது வளைவில் ஏறி இறங்கும் ஊரில் பிரேக்கைச் சரியாக மாட்டாத மெக்கானிக் என்று ஒருவருக்குப் பெயர் வந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? முதலில் ஜீப்காரர்கள் நிறுத்தினார்கள். பிறகு டூ வீலர்கள். பஞ்சர் ஒட்டக்கூட வேறு இடம் போனார்கள்.

ஒருநாள் குடோனுக்கு வந்தார். மூட்டை தைத்துக்கொண்டிருந்தோம். என் ஆட்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். அவர் வாசலிலேயே நின்றார். குரலை உயர்த்தவில்லை.

"அண்ணா, ஷூவ உங்க கையிலதான குடுத்தேன்? கீழ எறக்காதீங்கன்னு சொன்னனில்ல?"

தைக்கிற ஊசிகள் நின்றன. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சொல்லிவிட அதைவிட நல்ல இடம் எனக்கு அமைந்திருக்காது. ஆமாம் என்று ஒரு சொல். அவர் கடை பிழைத்திருக்கும்.

"நீ என்ன சொன்னியோ, எனக்கு ஞாபகம் இல்ல" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர் நான் உண்மையிலேயே மறந்திருப்பேனா என்று தேடினார். இல்லை என்று தெரிந்ததும் போய்விட்டார். சில மாதத்தில் கடையைக் காலி செய்தார். ஸ்பேனர் செட்டை விற்றார் என்று கேள்விப்பட்டேன். கீழே லாரி பாடி கட்டும் பட்டறையில் கூலிக்கு இருக்கிறார். படிக்கிற வயதில் இரண்டு பிள்ளைகள் அவருக்கு.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதுவரை யாரிடமும் சொல்லாதது.

ஆபரேஷன் செலவில் பாதியை நான் கொடுத்தேன். மீதிக்கு அக்கா நகையை அடகு வைத்தார். யாரோ அவரிடம், வழக்குப் போட்டால் நஷ்டஈடு கிடைக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். என்னிடமே வந்து கேட்டார், போடலாமா என்று. இன்சூரன்ஸ் இல்லாத வண்டி. சாதாரண மூன்றாம் நபர் பாலிசி இருந்திருந்தாலும் பின்னால் உட்கார்ந்து வந்தவருக்கு அது பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2006இல் சொல்லியிருக்கிறது. அதை என் மனசாட்சிக்கு மருந்தாக வைத்திருந்தேன். வண்டியை விற்றுவிட்டாலும் பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று அதே நீதிமன்றம் 2018இல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அதையும் படித்திருந்தேன். அவரிடம் சொன்னேன்:

"ஆர்.சி. இன்னும் உங்க வீட்டுக்காரர் பேர்லதானுங்க்கா இருக்குது. கேஸ் போட்டா நோட்டீஸு உங்க வீட்டுக்குத்தான் வரும்."

ஓட்டியவன் நான்; என் மேல் போடலாம். அதைச் சொல்லவில்லை. பெயரை மாற்றாமல் விட்டவன் நான், அதையும் சொல்லவில்லை. செத்துப்போன மனிதரின் பெயரை அவர் மனைவிக்கு முன்னால் தடுப்பாக நிறுத்தினேன். அவர் பயந்துவிட்டார். திரும்பிப் போய்விட்டார்.

எஞ்சின் பற்றிப் பொய் சொன்னது பேராசை. பிரேக்கை விட்டது பகட்டு. மெக்கானிக்கைக் காட்டிக்கொடுத்தது கோழைத்தனம். இந்தக் கடைசி ஒன்றுக்கு அப்படி ஒரு பெயரைச் சொல்லிக் கடந்துபோக எனக்கு உரிமை இல்லை. நிதானமாக, யோசித்து, சட்டம் படித்துச் செய்தது அது.

இந்த வருஷம் ஆடியில் அக்கா வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். பிளக்கைக் கழற்றிப் பார்த்ததிலிருந்து சொன்னேன். அவர் முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்: "வண்டி ஓடி வந்தப்பவே எஞ்சின் விஷயம் தெரிஞ்சிருச்சுங்க. அவரு வெச்சிருந்தப்ப ஒருநாளும் ஜாம் ஆனதில்ல." பிறகு கேட்டார்: "பிரேக் போனதும் தெரியுமா உங்களுக்கு?" தெரியும் என்றேன். "தெரிஞ்சுதான் எம் பையன ஏத்துனீங்களா?" ஆமாம் என்றேன். அவர் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நான் வாசலில் காத்திருந்தேன். அவர் வெளியே வரவில்லை.

அடகு நகையை மீட்டுக் கொடுத்திருக்கிறேன். வண்டியின் மீதி விலையைப் பையன் பெயரில் வங்கியில் போட்டிருக்கிறேன். வழக்குப் போடுவதானால் என் மேல் போடலாம், ஓட்டியவன் நான்தான், பிரேக் கெட்டது தெரிந்தே இறக்கினேன் என்று கையெழுத்திட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்தக் காகிதத்தை அவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்கவில்லை. கேட்கிற இடத்தில் நான் இல்லை. வண்டி குடோன் பின்னால் நிற்கிறது. விற்கவும் முடியாது, அது இன்னும் என் பெயரில் இல்லை.

மெக்கானிக்கைத் தேடிப் பட்டறைக்குப் போனேன். வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நின்று கேட்டார். கடையைத் திரும்பப் போட முன்பணம் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். "ஊர்ல சொல்லுங்கண்ணா. பணம் எதுக்கு?" என்றார்.

சொன்னேன். சந்தை நாளில் ஜீப் ஸ்டாண்டில் நின்று, அன்று வராந்தாவில் என் வார்த்தையைக் கேட்டவர்களையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு சொன்னேன். அவர் எச்சரித்தார், நான் கேட்கவில்லை, பழியை அவர் மேல் போட்டேன் என்று. அமைதியாகக் கேட்டார்கள். கலைந்து போகும்போது ஒருவர் என் தோளில் தட்டினார். "பாவம், புள்ள குட்டிக்காரன், பொழச்சுப் போகட்டும்னு நீங்களே பழிய ஏத்துக்கறீங்க. பெரிய மனசுங்க உங்களுக்கு" என்றார்.

இல்லை என்று மறுத்தேன். மறுக்க மறுக்க அவருக்கு என் மேல் மதிப்புக் கூடியது. மலையில் இப்போது பாதிப்பேர் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். அந்த மெக்கானிக்கிடம் பிரேக் வேலைக்கு இன்னும் யாரும் வண்டி விடத் தயாரில்லை. வாயால் சொன்னது போதவில்லை. அதனால் எழுத்தில் தருகிறேன்: ஷூவை அவர் என் கையில் வைத்தார். லைனிங் தேய்ந்திருந்தது. கேபிள் பாதிக்கு மேல் அறுந்திருந்தது. கீழே இறக்காதீர்கள் என்று அவர் சொன்னார். எனக்குக் காது கேட்டது.